உப்பாத மாவையும் வகுப்பில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறையில் ரொட்டி சுட்டு அறிவியல் சொல்லித்தரலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். யோசனை நல்லது. ஆனால் அதில் சொன்னபடியே செய்தால் பிள்ளைகளுக்கு ரொட்டி கிடைக்கும், அறிவியல் கிடைக்காது. ஒரே மாவு, ஒரே தட்டு, எல்லாம் சரியாக வந்தது, எல்லாரும் தின்றார்கள் என்று முடிந்தால் அது சமையல் வகுப்பு. அதுவும் வேண்டியதுதான், பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டாம். ஈஸ்ட்தான் மாவை உப்பவைத்தது என்று ஒரு பிள்ளை எதை வைத்துச் சொல்லும்? ஈஸ்ட் போடாத மாவு ஒன்று பக்கத்திலேயே உப்பாமல் கிடந்தால்தான் சொல்ல முடியும். ஆகவே ஒரு மாவு போதாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபடுகிற மூன்று நான்கு மாவாவது வேண்டும்.

முதலில் அளவு. குறிப்பில் ‘ஒரு கப் மைதா’ என்று இருந்தது. ஐந்து பிள்ளைகளிடம் ஒரே கப்பைக் கொடுத்து மாவு அள்ளச் சொல்லி, தராசில் வைத்துப் பாருங்கள். பொலபொலவென்று தூவி நிரப்பினால் 120 கிராம் இருக்கும். அமுக்கி அள்ளினால் 150 கிராமைத் தாண்டும். கொள்ளளவும் எடையும் வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட வழியில்லை. தண்ணீரையும் தராசிலேயே நிறுக்கலாம். 1 மில்லிலிட்டர் 1 கிராம்தான்.

அடுமனைகளில் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதற்குச் சதவீதமாகச் சொல்வது வழக்கம்: தண்ணீர் 62, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1. அதாவது 500 கிராம் மைதாவுக்கு 310 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். கூட்டினால் 165 சதவீதம் வருகிறது. சதவீதம் 100-ஐத் தாண்டுமா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒரு பீரியட் போனாலும் நஷ்டமில்லை.

சோதனைக்கு 500 கிராம் தேவையில்லை, மாவுக்கு 50 கிராம் போதும். அங்கேதான் ஒரு சிக்கல். 50 கிராமுக்கு ஈஸ்ட் அரை கிராம். சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராமுக்குக் கீழே காட்டாது. ‘ஒரு சிட்டிகை’ என்று போட்டால் சோதனை அங்கேயே கெட்டது. வழி எளிது. 5 கிராம் ஈஸ்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லிலிட்டராக்குங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் அதில் 10 மில்லிலிட்டர் எடுத்தால் அரை கிராம் ஈஸ்ட். ஈஸ்ட் அடியில் படியும், ஆகவே ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் கலக்க வேண்டும். மறந்தால் கடைசி மாவுக்கு முதல் மாவைவிட அதிகம் போய்விடும். இந்த 10 மில்லிலிட்டரை மாவின் தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்: 50 கிராம் மாவுக்கு 31 தண்ணீர் என்றால், 10 ஈஸ்ட் கரைசல், 21 வெறும் தண்ணீர்.

மாவுக்கு முன்னால் பாட்டில். இது பலருக்கும் தெரிந்த சோதனைதான்: ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், பாட்டில் வாயில் பலூன். பலரும் ஒரே பாட்டிலை வைத்து, பலூன் எழுந்ததும் கைதட்டி முடித்துவிடுகிறார்கள். ஐந்து பாட்டில் வையுங்கள், எல்லாம் ஒரே அளவு, 250 மில்லிலிட்டர், 100 மில்லிலிட்டர் தண்ணீர். முதலாவதில் 38 டிகிரித் தண்ணீர், 3 கிராம் ஈஸ்ட், 5 கிராம் சர்க்கரை. இரண்டாவதில் சர்க்கரை கிடையாது. மூன்றாவதில் ஈஸ்ட் கிடையாது. நான்காவதில் எல்லாம் உண்டு, தண்ணீர் மட்டும் ஐஸ் தண்ணீர், பாட்டிலையும் ஐஸ் பாத்திரத்திலேயே வையுங்கள். ஐந்தாவதில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து 38 டிகிரிக்கு ஆறவிட்ட ஈஸ்ட். நான்காவதைத் தவிர மற்ற நான்கும் 38 டிகிரித் தண்ணீர் உள்ள ஒரு தொட்டியில் நிற்கட்டும். புதுப் பலூனின் ரப்பர் விறைப்பாக இருக்கும். பம்பால் இரண்டு முறை ஊதி இறக்கிவிட்டு மாட்டுங்கள், வாயைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அசைவு தெரியும், 40 நிமிடத்தில் முதல் பலூன் நிமிர்ந்து நிற்கும்.

மூன்றாவது பாட்டிலை உற்றுப் பார்க்க வேண்டும். ஈஸ்டே இல்லாத அதன் பலூனும் லேசாக அசைந்து தலை தூக்கும். ‘சோதனை தப்பாகிவிட்டது’ என்று அதை ஓரங்கட்டாதீர்கள். தண்ணீர் சூடாக்கியதால் பாட்டிலுக்குள் இருந்த காற்று விரிந்திருக்கிறது: 150 மில்லிலிட்டர் காற்று 10 டிகிரி சூடேறினால் சுமார் 5 மில்லிலிட்டர் கூடும். முதல் பாட்டிலிலும் இதே 5 உண்டு, அதைக் கழித்த பிறகுதான் ஈஸ்டின் கணக்கு. ஒப்பீட்டுப் பாட்டில் எதற்கு என்று பாடப்புத்தகம் இரண்டு பக்கம் சொல்வதை இந்தப் பலூன் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். இரண்டாவது பாட்டிலும் இப்படித்தான் குழப்பும். சர்க்கரை போடாவிட்டாலும் கொஞ்சம் வாயு வரலாம். ஈஸ்ட் செல் தன்னுள் சேமித்து வைத்ததைச் செலவழிக்கிறது. வந்ததை வந்தபடியே பிள்ளைகள் எழுதட்டும். ‘பெரிசு, சின்னது’ என்று எழுதவிடாமல், பலூனின் சுற்றளவை நூலால் அளந்து சென்டிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த வாயு எது என்பது அடுத்த கேள்வி. பாட்டிலிலிருந்து குழாய் வைத்துத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் அது பால்போல் கலங்கும். கார்பன் டை ஆக்சைடு. நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தால் கலங்கியது திரும்பத் தெளியும், அதற்குள் காட்டிவிடுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தரலாம்: 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு. எத்தனால் என்ற சொல்லை வகுப்பில் மறைப்பது எங்களுக்குப் புரியாத வழக்கம். உண்டாகிறது, ஓவனில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிறது என்று நேராகச் சொல்லிவிடலாம். நொதித்தலுக்கு உயிருள்ள ஈஸ்ட் காரணம் என்று லூயி பாஸ்டர் 1857-இல் எழுதத் தொடங்கினார். 1897-இல் ஜெர்மன் வேதியியலாளர் எடுவார்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாறு, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமல், சர்க்கரையை நொதிக்கவைத்ததைக் கண்டார். 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியானால் ஐந்தாவது பாட்டில் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ‘ஈஸ்ட் செத்துவிட்டது’ என்பது பாதி விடை. சாற்றில் வேலை செய்த நொதிகளும், அதாவது வினையை நடத்தும் புரதங்களும், கொதியில் குலைந்துவிட்டன என்பது மீதி.

இனி மாவு. நேர்ச்சுவர் உள்ள கண்ணாடி டம்ளர் ஐந்து, உள்ளே லேசாக எண்ணெய். நான்கு 50 கிராம் மாவிலும் ஈஸ்ட் ஒரே அளவு, உப்பு மட்டும் 0, 1, 2, 3 கிராம். ஐந்தாவதாக 1 கிராம் உப்போடு ஈஸ்ட் இல்லாத மாவு ஒன்று. அதுதான் உப்பாத மாவு. அழுத்தி மட்டமாக்கி, இருக்கும் உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மில்லிமீட்டரில் அளந்து வரைபடம் போடட்டும். உப்பில்லாதது முந்திக்கொண்டு ஏறும். 3 கிராம், அதாவது 6 சதவீதம் உப்புள்ளது தூங்கும். உப்பு ஈஸ்ட் செல்லிலிருந்து தண்ணீரை இழுத்துவிடுகிறது. ‘உப்பு ஈஸ்டைக் கொன்றுவிடும்’ என்று சொல்வதுண்டு. 1 கிராம் போட்ட டம்ளர் மெதுவாக ஏறி அதைப் பொய்யாக்கும். உப்பில்லாத மாவு முதலில் ஏறினாலும் கையில் பிசுபிசுக்கும், பிற்பாடு சரியும். மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதத்தை உப்பு இறுக்கவும் செய்கிறது என்று அப்போது சொன்னால் பதியும்.

வெப்பநிலையை மாற்றிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 35 டிகிரித் தண்ணீரில் டம்ளரை வைத்ததும் மாவு 35 டிகிரி ஆகிவிடாது. நடுப்பகுதிக்குச் சூடு போய்ச்சேர நேரமாகும். தெர்மாமீட்டரை மாவின் நடுவில் குத்தி வரும் எண்ணையே எழுத வேண்டும். மாவு எந்த வெப்பநிலையில் பிசைந்து முடிய வேண்டும் என்பதற்கு அடுமனைக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. வேண்டியது 27 டிகிரி என்றால் அதை மூன்றால் பெருக்கி, 81-இலிருந்து அறை வெப்பநிலையையும் மைதாவின் வெப்பநிலையையும் கழித்தால் தண்ணீரின் வெப்பநிலை. இரண்டும் 30 என்றால் 21 டிகிரித் தண்ணீர். இரண்டும் 22 என்றால் 37. ‘எப்போதும் வெந்நீர் ஊற்று’ என்று குறிப்புகளில் வருவது பாதி இடங்களில் தவறு.

குளூட்டனைக் கண்ணால் காட்ட ஓவன்கூட வேண்டாம். 100 கிராம் மைதாவை 60 கிராம் தண்ணீரில் பிசைந்து, 30 நிமிடம் மூடி வைத்து, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து அமுக்கி அமுக்கி அலசுங்கள். தண்ணீர் பாலாகும். நாலைந்து தண்ணீர் மாற்றியதும் கையில் மிஞ்சுவது சூயிங்கம் போல இழுபடும் ஓர் உருண்டை, 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். அதுவும் ஈர எடை, காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான். பாத்திரத்தில் இறங்கிய வெள்ளைத் தண்ணீரில் ஒரு துளி அயோடின் விட்டால் கருநீலம், அது மாவுச்சத்து. அரிசி மாவிலோ சோள மாவிலோ இதைச் செய்தால் உருண்டையே மிஞ்சாது, எல்லாம் கரைந்து போகும். அவற்றால் வாயுவைப் பிடித்து வைக்க முடியாத காரணத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள். இப்படி மாவை அலசிக் குளூட்டனைத் தனியே எடுத்துக் காட்டியவர் இத்தாலியின் பொலோனியாவைச் சேர்ந்த பெக்காரி; 1745-இல் அது அச்சில் வந்தது.

அலசும்போது முதல் தண்ணீரில் உருண்டை பிய்ந்து சிதறினால், பிசைந்தது போதவில்லை அல்லது அரை மணி ஓய்வு தரவில்லை என்று பொருள். தின்னப்போகும் ரொட்டி மாவைப் பிசைந்தது போதுமா என்று பார்க்க வேறொரு சோதனை: பத்து நிமிடம் பிசைந்தபின் ஒரு துண்டை நான்கு விரலால் மெல்ல விரித்தால், கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிய வேண்டும். முழுக்கோதுமை மாவில் தவிட்டுத் துகள் அந்தச் சவ்வை அறுக்கும். இதே சன்னத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓவனில் நடப்பதுதான் இந்தப் பாடத்தின் கொழுத்த பகுதி. குறிப்பில் அது ஒரே வரி: ‘220 டிகிரியில் அரை மணி நேரம் சுடவும்’. உள்ளே போன முதல் பத்து நிமிடத்தில் மாவு ஒரு தடவை குபுக்கென்று எழும். கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது, இருந்த வாயு விரிகிறது, எத்தனால் ஆவியாகிறது, தண்ணீரும் கொஞ்சம் ஆவியாகிறது. ஈஸ்ட் வேகமெடுத்து 55 டிகிரியை ஒட்டி ஓய்ந்துவிடுகிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிறது, 70-க்கு மேல் குளூட்டன் கெட்டிப்படுகிறது. அதன்பிறகு ரொட்டியின் உருவம் மாறாது. உள்ளே 95 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

ஓவன் 220 டிகிரி, ரொட்டியின் உள்ளே 95. எவ்வளவு நேரம் வைத்தாலும், உள்ளே ஈரம் இருக்கும்வரை அது 100-ஐத் தாண்டாது, ஏனென்றால் வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிறது. மேல்தோல் காய்ந்துவிட்டதால் அது மட்டும் 140-க்கும் மேலே போகிறது. அங்கே சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெய்லார்ட் 1912-இல் விவரித்த வினை இது. மேலே பழுப்பு, உள்ளே வெள்ளை ஏன் என்ற கேள்விக்கு இதுதான் விடை. விடையைச் சோதிக்க வேண்டுமா? அதே மாவில் 60 கிராம் உருண்டை இரண்டு எடுங்கள். ஒன்றை 200 டிகிரி ஓவனில் 15 நிமிடம், இன்னொன்றை ஆவியில் 15 நிமிடம் வையுங்கள். இரண்டும் வெந்திருக்கும், இரண்டும் உப்பியிருக்கும். ஆவியில் வெந்ததன் தோல் வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடும். ஓவன் இல்லாத பள்ளிகள் இதை ஒரு குறையாக நினைக்காமல், ஆவி உருண்டையிலேயே பாடத்தின் பெரும்பகுதியை நடத்திவிடலாம்.

தராசை இந்த இடத்திலும் கொண்டுவாருங்கள். 825 கிராம் மாவாகப் போனது, சுட்டு ஆறியதும் 720, 730 என்று வரும். குறைந்த நூறு கிராம் எங்கே போனது? பெரும்பகுதி தண்ணீர், சில கிராம் கார்பன் டை ஆக்சைடும் எத்தனாலும். ‘மாவு உப்பி எழுந்தால் எடை கூடும்’ என்று வகுப்பில் கையைத் தூக்குகிறவர்கள் பலர் இருப்பார்கள்; முன்கூட்டியே வாக்கெடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன ரொட்டியைக் குப்பையில் போடாமல் அறுத்துப் பார்ப்பது அவசியம். செங்கல்போல இருந்தால் ஈஸ்ட் பழசு, அல்லது கொதிநீர் ஊற்றியிருக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சர்க்கரையோடு போட்ட ஈஸ்ட் பத்து நிமிடத்தில் நுரைக்கவில்லை என்றால் அதுதான் குற்றவாளி. பக்கவாட்டில் வெடித்திருந்தால் இரண்டாம் முறை உப்ப நேரம் தரவில்லை. நடு அமுங்கியிருந்தால் நேரம் மிஞ்சிவிட்டது. விரலால் லேசாகக் குத்திப் பாருங்கள்: குழி சட்டென்று நிரம்பினால் இன்னும் பொறுக்க வேண்டும், மெல்லப் பாதி நிரம்பினால் ஓவனுக்குத் தயார், நிரம்பவே இல்லையென்றால் தாமதம். மேல்தோல் வெளிறியே இருந்தால் ஓவன் சூடு குறைவு, அல்லது அளவுமீறி நொதித்த மாவில் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது. மேலே சொன்ன பழுப்பு வினைக்கு மிச்சமில்லை. உள்ளே பிசுபிசுப்பாக இருந்தால், பெரும்பாலும் ஆறுமுன் அறுத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்வதுதான் இந்தப் பாடத்தில் கடினமான வேலை.

பீரியட் போதாது என்பது நியாயமான கவலை. 60 கிராம் உருண்டைகளாகச் செய்தாலும் பிசைய 20 நிமிடம், முதல் உப்பலுக்கு ஒரு மணி, உருட்டி இரண்டாம் உப்பலுக்கு 40 நிமிடம், சுட 15. ஒரே நாளில் அடைக்காதீர்கள். முதல் நாள் பாட்டில். மறுநாள் ஈஸ்டைப் பாதியாக்கிக் குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, அரை மணி வெளியே வைத்துவிட்டு, பெரிய மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து உருட்டிச் சுடலாம். ‘குளிரில் ஈஸ்ட் சாகாது, மெதுவாகும்’ என்பது கூடுதல் வரவு.

குறிப்பில் எங்களைத் திடுக்கிட வைத்தது, பாதுகாப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லாததுதான். சோதனை மாவு வேறு, தின்னும் மாவு வேறு. ஆய்வகக் கண்ணாடிச் சாமான் எதுவும் தின்னும் மாவின் பக்கம் வரக்கூடாது. பாதரசத் தெர்மாமீட்டர் வேண்டவே வேண்டாம். பச்சை மாவைச் சுவைக்க விடாதீர்கள்; வேகாத மாவில் சால்மொனெல்லா, ஈ கோலி போன்ற கிருமிகள் இருக்கலாம். கோதுமை ஒவ்வாமை, குளூட்டன் ஆகாத சீலியாக் நோய், பலூன் ரப்பர் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று பெற்றோரிடம் முன்பே எழுதிக் கேளுங்கள். பலூன் ஆகாதென்றால், குழாயைத் தண்ணீருக்குள் கவிழ்த்த அளவு உருளைக்குள் விட்டு வாயுவைச் சேகரிக்கலாம். மில்லிலிட்டரே நேராகக் கிடைக்கும், பலூனைவிட அது மேல். ஓவன் கதவைத் திறப்பது பெரியவர் வேலை.

இதை மறுமுறை வெளியிடுவதானால் கப், ஸ்பூன் கணக்கைக் கிராமாக மாற்றி, ஈஸ்ட் இல்லாத மாவுக்கும் அட்டவணையில் ஒரு வரிசை ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இடம் போதாதென்றால் ரொட்டியின் படத்தை எடுத்துவிடலாம். ஈஸ்டும் சர்க்கரையும் போட்ட பாட்டிலைத் திருகு மூடியால் இறுக மூடக்கூடாது, மூடினால் வெடிக்கும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவரும் அடுமனைக்காரர் ஒருவரும்